படையில்லாத கூட்டம்

இபன் பதூதா என்ற மொராக்கோ நாட்டு யாத்ரீகரை நம்மில் பலர் பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் படித்திருப்போம். முகம்மது பின் துக்ளக்கோடு சேர்த்து ஒரு பத்தியில் வந்து போவார். டில்லிக்கு வருவதற்கு முன், 1331 வாக்கில், அவர் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மொகதிஷு என்ற துறைமுகத்தில் இறங்கினார். அந்த ஊரைப் பற்றி அவர் எழுதிவைத்ததில் நம் பிள்ளையார்பாளையத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அங்கே நெய்யும் துணி அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது, அதற்கு ஈடு வேறு இல்லை, எகிப்து வரைக்கும் ஏற்றுமதியாகிறது என்று குறித்திருக்கிறார். காஞ்சிபுரம் பட்டு என்று நாம் சொல்வதைப் போலத்தான்.

அந்த நெசவு நேற்று வரை இருந்தது. நம்மூரைப் போலவே குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டு மிதிபலகை மிதித்து நெய்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மில் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோதும் அந்தத் தறிகள் முழுவதுமாக நின்றுவிடவில்லை. நெய்தவர்களிலும் விற்றவர்களிலும் பலர் 'ரேர் ஹமார்' என்ற கூட்டத்தார். ஹமார் என்பது மொகதிஷுவின் பழம்பெயர். ஊர்க்காரர்கள் என்று பொருள் கொள்ளலாம். அரபு, பாரசீகம் என்று பல கரைகளிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிக் கலந்தவர்கள். வியாபாரம், நெசவு, பொற்கொல்லர் தொழில் என்று கடைத்தெருவோடு வாழ்க்கை. ஒட்டகம் மேய்க்கும் பெரிய குலங்களைப் போல ஆள்பலமோ, ஆயுதமோ அவர்களிடம் கிடையாது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். வகுப்புச் சுவரில் தொங்கிய ஆப்பிரிக்கப் படத்தில் செங்கடலின் வாயில் ஒரு சின்னத் துண்டுக்கு 'கோத் பிரான்சேஸ் தே சொமாலி' என்று போட்டிருக்கும். பிரெஞ்சுக்காரர்களின் சோமாலிக் கரை. இப்போது அது ஜிபூத்தி. 1967இல் அதன் பெயரை 'அஃபார்கள், இஸ்ஸாக்களின் பிரதேசம்' என்று மாற்றினார்கள். அங்கே இருந்தவர்கள் அந்த இரண்டு கூட்டத்தார் மட்டுமல்ல. அரபுகள் இருந்தார்கள், வேறு சோமாலிக் குலங்கள் இருந்தன. பெயர்ப்பலகையில் இடம் கிடைத்தது இரண்டு பேருக்குத்தான். பின்னால் குமாஸ்தாவாக வாழ்நாளைக் கழித்தவனுக்கு இந்த மாதிரி விஷயம் மனதில் ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் யார் பெயர் விட்டுப்போகிறது என்று பார்ப்பது எங்கள் தொழில்.

1991 ஜனவரி கடைசியில் சோமாலியாவை 21 வருஷம் ஆண்ட சியாத் பரே தலைநகரை விட்டு ஓடினார். அரசாங்கம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. குலத்துக்கு ஒரு படை, படைக்கு ஒரு தெரு. அப்போது யார் அதிகம் அடிபட்டார்கள் என்று கேட்டால், சண்டை போட்டவர்கள் அல்ல. சண்டையில் எந்தப் பக்கமும் இல்லாத ரேர் ஹமார்தான் முதல் வரிசையில் வருகிறார்கள். கடையில் சரக்கு உண்டு, வீட்டில் நகை உண்டு, திருப்பி அடிக்க ஆள் கிடையாது. ஹமார் வெயின், ஷங்கானி என்ற அவர்களுடைய பழைய தெருக்களில் ஒரு படை கொள்ளையடித்துப் போனால் அடுத்த நாள் இன்னொரு படை வந்தது. பெண்களுக்கு நேர்ந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. பலர் படகேறிக் கென்யாவின் மொம்பாசாவுக்குப் போனார்கள். தெற்கே ஆற்றங்கரையில் உழுது பிழைத்த பாண்டு மக்களுக்கும் இதே கதிதான்.

கவனியுங்கள். சோமாலியாவில் ஏறக்குறைய எல்லோருக்கும் மொழி ஒன்று, மதமும் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருந்தும் அது யாரையும் காப்பாற்றவில்லை. குலம் எது, அதன் பின்னால் எத்தனை துப்பாக்கி என்ற கணக்கு மட்டும் நின்றது. சிறிய கூட்டத்தார் பெரிய குலத்தின் நிழலில் ஒதுங்கி அதன் பெயரைச் சொல்லிக்கொள்வதற்கு அங்கே 'ஷேகாத்' என்று பழைய வழக்கமே உண்டு. அந்தக் கலவரத்தில் அந்த நிழலும் சரியாக வேலை செய்யவில்லை. சில குடும்பங்கள் பெண்ணைப் பெரிய குலத்தில் கட்டிக்கொடுத்து உயிர் பிழைத்தன.

எங்கோ ஆப்பிரிக்காவில் நடந்தது என்று தள்ளிவிட முடியவில்லை. அதற்குச் சரியாக மூன்று மாதம் முன்னால், 1990 அக்டோபரில், நமக்குப் பக்கத்துக் கடலுக்கு அப்பால், தமிழ் பேசுகிற மண்ணில், தமிழ் பேசுகிற ஒரு சிறு கூட்டத்துக்கு இதே போன்ற ஒன்று நடந்தது. இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைச் சொல்கிறேன். 1983 ஜூலையைப் பற்றிக் கேட்டால் நம் தெருவில் எழுபது வயது தாண்டிய யாரும் அரை மணி நேரம் பேசுவார்கள். கடையடைப்பு, ஊர்வலம், உண்டியல் எல்லாம் நினைவிருக்கும். 1990 அக்டோபரைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் வராது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். நம் பக்கத்தில் ஆம்பூர்க்காரரோ, காயல்பட்டினத்துக்காரரோ தன்னை முஸ்லிம் என்றும் சொல்வார், தமிழன் என்றும் சொல்வார். இரண்டும் இடிக்காது. இலங்கையில் அப்படியில்லை. அங்கே சோனகர் என்பது தனி இனம். வீட்டில் பேசுவது தமிழ், பள்ளியில் படிப்பது தமிழ், ஆனால் தமிழர் என்று சொல்ல மாட்டார்கள். இதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மனஸ்தாபம் இருக்கிறது. 1888இல் சர் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை எழுதினார். எங்களுக்குச் சட்டசபையில் தனி இடம் கிடைக்காமலிருக்கச் செய்யும் தந்திரம் இது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் 1907இல் மறுப்பு எழுதினார். 1915இல் சிங்களவர் முஸ்லிம்களைத் தாக்கிய பெரிய கலவரம் வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் கைது செய்த சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியவர் அதே இராமநாதன். அவர் நோக்கில் அது இராணுவச் சட்டத்தின் கொடுமைக்கு எதிரான வாதம். அடிபட்டவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. பெரியவர்கள் செய்ததைச் சின்னவர்கள் நெடுநாள் மறப்பதில்லை.

இருந்தாலும் யாழ்ப்பாணத்தில் தெருவோடு தெருவாகத்தான் வாழ்ந்தார்கள். சோனகத் தெரு வட்டாரத்தில் தையல்காரர்கள், இரும்புச் சாமான் வியாபாரிகள், நகைக் கடைக்காரர்கள், இறைச்சிக் கடைக்காரர்கள் இருந்தார்கள். இலங்கை சிவில் சர்வீஸில் முதன்முதலில் நுழைந்த முஸ்லிம் ஏ.எம்.ஏ. அசீஸ் அந்த யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தான். படித்தது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது அதைப் பற்றி வந்த கவிதைகளில் எல்லோருக்கும் தெரிந்தது 'புத்தரின் படுகொலை'. அதை எழுதிய எம்.ஏ. நுஃமான் கிழக்கிலங்கை முஸ்லிம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். தமிழரின் நூலகம் எரிந்ததற்கு அழுத குரல்களில் இதுவும் ஒன்று என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை திரும்பி வந்தது. ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் மறுபடி யுத்தம். கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் ஊர்களில் நிலைமை கெட்டது. ஆகஸ்டு 3ஆம் தேதி காத்தான்குடியில் இரவுத் தொழுகையில் இருந்தவர்களைப் பள்ளிவாசலுக்குள் புகுந்து சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வாரம் ஏறாவூரில் மறுபடி. அதே மாதங்களில் அரசு ஆயுதம் கொடுத்த முஸ்லிம் ஊர்க்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் புகுந்து கொன்றதும் நடந்தது. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். ஆனால் இதெல்லாம் கிழக்கில். வடக்கில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவு. அவர்களிடம் ஊர்க்காவல் படையும் இல்லை, கைத்துப்பாக்கியும் இல்லை. கிழக்கில் நடந்ததற்கும் யாழ்ப்பாணத்துத் தையல்காரருக்கும் என்ன சம்பந்தம்? அவர் இன்ன கூட்டம் என்ற ஒரே சம்பந்தம்தான்.

அக்டோபர் நடுவில் சாவகச்சேரியில் ஆரம்பித்தது. பிறகு மன்னார். வடக்கு முஸ்லிம்களில் பாதிக்கு மேல் மன்னார் மாவட்டத்துக்காரர்கள். எருக்கலம்பிட்டி அங்கே வசதியான ஊர். குடும்பத்துக்குச் சில பைகள், 2000 ரூபாய், ஒரு பவுன் நகை, இவ்வளவோடு கிளம்ப உத்தரவு. படகில் ஏற்றிக் கற்பிட்டிக்கு அனுப்பினார்கள். மழைக்காலத்துக் கடல். கைக்குழந்தையோடு போனவர்கள் அதில் பட்டதை இன்றும் சொல்கிறார்கள்.

யாழ்ப்பாணம் நகரத்தின் முறை அக்டோபர் 30. காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாக வந்தது. வீட்டுக்கு ஒருவர் ஒஸ்மானியா கல்லூரிப் பக்கம் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும். போனார்கள். ஏதோ கூட்டம், எச்சரிக்கை, வரி என்று நினைத்துப் போனவர்கள் உண்டு. அங்கே சொன்னது: இரண்டு மணி நேரத்துக்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். காரணம் கேட்டவர்களுக்குத் துப்பாக்கியைக் காட்டினார்கள். போகிற வழியில் சோதனை. யாழ்ப்பாணத்தார்க்கு ஆளுக்கு 150 ரூபாயும் மாற்றுத் துணியும் என்பது பலர் சொன்ன கணக்கு. காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கினார்கள். குழந்தைகளின் காதும் தப்பவில்லை. ஆக மொத்தம் இரண்டு வாரத்துக்குள், புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்கில் ஒரு முஸ்லிம் குடும்பம்கூட இல்லை. போனவர்கள் 72,000 முதல் 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அப்புறம் அந்த வீடுகளின் கதவு, ஜன்னல், ஓடு, உத்தரம் எல்லாம் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

இரண்டு மணி நேரம் என்பதை நம் தெருவில் வைத்து யோசித்துப் பார்க்கிறேன். தறியில் பாதி நெய்த சேலை நிற்கிறது. பாவுக்குக் கொடுத்த பணம், ஜரிகைக்காரருக்குத் தரவேண்டிய பாக்கி, முதலாளியிடம் வாங்கிய முன்பணம், வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, படுக்கையில் கிடக்கும் அம்மா. இரண்டு மணி நேரத்தில் எதை எடுப்பது? தறியைக் கழற்றவே அரை நாள் ஆகும். குழியை எடுத்துப்போக முடியாது.

அண்டை அயலார் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. பலர் அழுதார்கள். வழியில் தண்ணீர் கொடுத்தார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள், சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். போனவர்களே இதைச் சொல்லியிருக்கிறார்கள், நன்றியோடும் சொல்லியிருக்கிறார்கள். வீதிக்கு வந்து 'இவர்கள் போகக்கூடாது' என்று யாரும் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு இரக்கம் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. அதற்கு முந்திய வருஷம், 1989 செப்டம்பர் 21ஆம் தேதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் பேராசிரியை ராஜினி திராணகம, வேலை முடித்துச் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பு ஆயுதக்காரர்களின் அட்டூழியத்தையும் பெயர் சொல்லி எழுதியவர் அவர். பேசினால் என்ன ஆகும் என்பது ஊருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பெரிய கூட்டம் தன் துப்பாக்கிக்காரனைப் பார்த்தே பயப்படும் இடத்தில், அதன் நல்ல மனது சின்னக் கூட்டத்துக்கு ஒரு செம்பு தண்ணீர் வரைக்கும்தான் உதவும். மொகதிஷுவிலும் ரேர் ஹமார்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றிய பெரிய குலத்தார் தனித்தனியாக உண்டு. குலமாக யாரும் முன்வரவில்லை.

யாழ்ப்பாணத்தாருக்கு அந்தப் பயம் இருந்தது. நமக்கு, கடலுக்கு இந்தப் பக்கம், அந்த மாதிரிப் பயம் ஏதும் இல்லை. இருந்தும் தமிழ்நாட்டு மேடைகளில் 1983க்கு எழுந்த குரலில் ஒரு சிறு பங்குகூட 1990க்கு எழவில்லை. நம்மவர்கள் அடிபட்டார்கள் என்ற கதை நமக்குத் தெரியும். நம்மவர்களே அடித்தார்கள் என்ற கதையை வைத்துக்கொள்ள நம்மிடம் அலமாரி இல்லை. ஏழே மாதம் கழித்து, 1991 மே 21 அன்று, நமக்குப் பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. அதற்குப் பிறகு எல்லோருடைய பேச்சும் வேறு திசைக்குப் போய்விட்டது.

தேதி விஷயத்தில் ஒரு விசித்திரம். 1995இல் இலங்கை இராணுவம் யாழ்ப்பாணத்தை நெருங்கியபோது, நகரத்துத் தமிழர்கள் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கொட்டும் மழையில், ஒரே இரவில், லட்சக்கணக்கானவர்கள் தென்மராட்சிப் பக்கம் நடந்தார்கள். அந்த நாள் அக்டோபர் 30. சரியாக ஐந்து வருஷம். தங்கள் வீட்டை அப்படியே விட்டுப் போகும்போதுதான் முஸ்லிம்களை நினைத்துக்கொண்டோம் என்று பல யாழ்ப்பாணத்தார் பிற்பாடு சொன்னதுண்டு.

வெளியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஒதுங்கிய இடம் புத்தளம். இங்கே இபன் பதூதா மறுபடி வருகிறார். 1344இல் அவர் இலங்கையில் இறங்கி, யாழ்ப்பாணத்து அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தது இந்தப் புத்தளத்தில்தான். அரசன் பாரசீக மொழி தெரிந்தவன். முத்துக் குவியலைக் காட்டினான், வந்தவர் பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும் துணைக்கு ஆளும் கொடுத்து அனுப்பினான். யாழ்ப்பாணத்து ராஜா ஒரு முஸ்லிம் யாத்ரீகருக்குப் பல்லக்குக் கொடுத்த அதே ஊரில், 646 வருஷம் கழித்து யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் தென்னங்கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள்.

புத்தளத்து முஸ்லிம்கள் ஆரம்பத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். பள்ளிவாசலில் இடம், வீட்டுத் திண்ணையில் இடம், சோறு. பின்னால் உப்பளத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்தது, உள்ளூர்க் கூலிக்காரனுக்கு வேலை போயிற்று. பள்ளிக்கூடத்தில் நெரிசல், ஆஸ்பத்திரியில் நெரிசல். மதம் ஒன்றாக இருந்தும் உரசல் வந்தது. பிரெஞ்சில் ஊரை விட்டுப் பெயர்க்கப்பட்டவரைத் 'தெப்ளாசே' என்பார்கள். சபையில் யாராவது இடம் பொருள் தெரியாமல் பேசினால் அந்தப் பேச்சுக்கும் அதே வார்த்தைதான். விருந்தாளி பத்து வருஷம் தங்கினால் முதல் அர்த்தம் மெல்ல இரண்டாவது அர்த்தத்தில் போய் நிற்கிறது.

2002இல் சண்டை நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 10ஆம் தேதி கிளிநொச்சியில் உலகப் பத்திரிகையாளர்கள் முன் பிரபாகரன் உட்கார்ந்தார். முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டது பற்றிக் கேட்டபோது, பக்கத்தில் இருந்த அன்ரன் பாலசிங்கம் அது ஓர் அரசியல் தவறு என்று சொல்லி வருத்தம் தெரிவித்தார். சில நாளில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமுடன் ஒப்பந்தமும் ஆயிற்று. வருத்தம் தெரிவித்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அது பத்திரிகையாளர்களுக்குச் சொன்ன பதில். புத்தளத்துக் கொட்டகைக்கு யாரும் நேரில் போய்ச் சொன்னதில்லை.

திரும்பிப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதை நம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1688இல் மொகலாயப் படை வருகிறது என்று பயந்து வரதராஜப் பெருமாளை ஊரைவிட்டு ரகசியமாக எடுத்துப்போய் உடையார்பாளையத்துக் காட்டில் வைத்தார்கள். ஆபத்து நீங்கிய பிறகு பெருமாளைத் திருப்பித் தர அந்த ஊர்ப் பாளையக்காரருக்கு மனமில்லை. ஆத்தான் ஜீயர் முயற்சி செய்து, லாலா தோடர்மால் படையோடு போய் நின்ற பிறகுதான் 1710இல் பெருமாள் ஊர் திரும்பினார். தோடர்மால் குடும்பத்தாரின் சிலையை வரதர் கோயிலில் பார்த்திருப்பீர்கள். (இவர் அக்பரின் மந்திரி அல்ல, பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) அதே பயத்தில் கிளம்பிய பங்காரு காமாட்சி திரும்பவே இல்லை. தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டாள். தெய்வத்துக்கே 22 வருஷமும், ஒரு தோடர்மாலும் வேண்டியிருந்தது.

வடக்கு முஸ்லிம்களுக்கு 2009இல் யுத்தம் முடிந்தபோது 19 வருஷம் ஆகியிருந்தது. போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் காடு. எல்லைக் கல் இல்லை. சில இடத்தில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள், அவர்களும் எங்கிருந்தோ துரத்தப்பட்டவர்கள். 2012இல் மன்னார் முசலிப் பக்கத்தில் இவர்கள் உரிமை கொண்டாடிய சில நிலங்கள் காப்புக்காடு என்று அரசு வர்த்தமானியில் வந்தது. மீள்குடியேற்றம் என்று போனவர்கள் காட்டை அழிப்பவர்கள் என்று பேர் வாங்கினார்கள்.

கோப்பு பார்த்துப் பழகிய எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துவது ஒரு சின்ன வகைப்படுத்தல். யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு 'புதியவர்கள்' என்றும், 2008 ஏப்ரலுக்கு முன் பெயர்ந்தவர்களுக்கு 'பழையவர்கள்' என்றும் இரண்டு தலைப்பு போட்டார்கள். உதவி முதலில் புதியவர்களுக்கு. முள்ளிவாய்க்காலிலிருந்து உயிர் மட்டும் மிஞ்சி வந்தவர்களுக்கு முதலில் கொடுத்ததில் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அலுவலகத்தில் பழைய கோப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அது அலமாரியின் மேல்தட்டுக்குப் போகும்.

சோமாலியாவிலும் கடைசியில் எல்லாம் ஒரு கணக்கில் வந்து முடிந்தது. 2000இல் ஜிபூத்தியில் ஆர்த்தா என்ற ஊரில் சமாதான மாநாடு நடந்தது. பதவிகளைக் குலவாரியாகப் பிரித்தார்கள். நாலு பெரிய குலத்துக்குத் தலைக்கு ஒரு பங்கு. ரேர் ஹமார், பாண்டு, பராவா ஊர்க்காரர்கள், தோல் வேலை, இரும்பு வேலை செய்யும் கூட்டத்தார் எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. 'நாலரை' என்றே அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். பட்டியலில் பெயரே இல்லாததற்கு அரை தேவலை என்று சிலர் சொல்கிறார்கள். நானும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் ஒரு மனிதனை அரை என்று எழுதி அரசாங்க முத்திரை குத்திவிட்டால், அதை முழுசாகத் திருத்த யார் எப்போது கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரியவில்லை.

வடக்கு முஸ்லிம்களுக்கு ஒருவர் கணக்கெழுதி வைத்தார். பெயர் எஸ்.எச். ஹஸ்புல்லா. மன்னார் எருக்கலம்பிட்டிக்காரர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியர். தன் சொந்த ஊரே துரத்தப்பட்ட பிறகு, புத்தளத்து முகாம்களில் அந்தக் குடும்பங்களைச் சந்தித்து, எந்த ஊர், என்ன வீடு, எவ்வளவு நிலம், என்ன தொழில், எதை விட்டு வந்தார்கள் என்று விவரம் சேகரித்துப் புத்தகமாகப் போட்டார். கோபமாக எழுதியிருக்க எல்லா உரிமையும் உள்ளவர். அவர் பதிவேடு எழுதினார். தமிழரோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. 2018 ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போயிருந்தபோது அங்கேயே காலமானார்.